ஏப்ரல் 17-ஐ எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள்

சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவுக்கு ஆண்டுதோறும் நிகழ்ச்சி படைக்கும் அமைப்புகளுக்கும், பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மேடையில் பேசிப் பழகியவள் இல்லை நான். உட்லண்ட்ஸ் பக்கம் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பரிசோதனைப் பிரிவில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மாதத்தில் பாதி இரவு வேலை. மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அடுத்த ஏப்ரல் விழாவுக்கு நீங்கள் திட்டம் போட உட்காரும் முன்பு ஒரு கோரிக்கையை உங்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று பல வாரங்களாக நினைத்து, இன்று ஓய்வு நாளில் எழுதுகிறேன். பேச்சு, கவிதை, நாடகம், விவாதம் எல்லாவற்றோடும் சேர்த்து, எங்கள் பிள்ளைகள் தமிழில் சிறுகோள் தேடுவதற்கும் அந்த விழாவில் ஓர் இடம் வேண்டும்.

ஏன் இதை உங்களிடம் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. விருப்பத் தலைப்பில் பேசலாம் என்று சொன்ன ஒரு பேச்சுப் போட்டிக்கு, 'நாங்கள் தேடிய சிறுகோள்கள்' என்று மகள் எழுதித் தயார் செய்திருந்தாள். மூன்று பக்கம். ஒரு வரிகூட நான் எழுதித் தரவில்லை. முதற்சுற்றில் கேட்டவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள்: "நல்லா இருக்கும்மா, ஆனா இது அறிவியல் போட்டி இல்லையே. தமிழ் சம்பந்தமா ஏதாவது மாத்திக்கோ." மாற்றிக்கொண்டாள். தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசி ஆறுதல் பரிசும் வாங்கினாள். வீட்டுக்கு வரும் வழியில், ரயிலில், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அம்மா, நாங்க தமிழ்லதானே தேடினோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

தேடினோம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றும் சிறிய பாறை. அதனால் நட்சத்திரங்களுக்கு நடுவே அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு என்ற ஒன்றை நடத்துகிறார்கள். உலகில் எந்தப் பள்ளியும், எந்த ஆர்வலர் குழுவும் பதிந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. ஹவாயின் மௌயி தீவில், ஹலேயாகலா என்ற எரிமலையின் உச்சியில், கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டர் உயரத்தில், பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி இருக்கிறது. கண்ணாடி 1.8 மீட்டர் அகலம். கேமராவில் ஏறத்தாழ 140 கோடி படப்புள்ளிகள். ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்க்கும் தொலைநோக்கி இல்லை இது. வீட்டைக் கூட்டுகிறவர் மூலையிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு வருவதைப் போல, இரவு முழுவதும் வானத்தைப் பட்டை பட்டையாகப் படமெடுத்துக்கொண்டே போகும். ஒரே இடத்தைச் சில நிமிடங்கள் விட்டு விட்டு நான்கு முறை எடுக்கும். அந்த நான்கு படங்கள்தான் பிள்ளைகளின் மடிக்கணினிக்கு வருகின்றன.

அங்கே நள்ளிரவு என்றால் இங்கே மாலை ஆறு மணி. பள்ளி முடித்து, குளித்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மகளும் அவளுடைய இரண்டு தோழர்களும் உட்காருவார்கள். ஒருத்தி ஏழாவது மாடி, இன்னொருவன் எதிர் புளோக். அஸ்ட்ரோமெட்ரிக்கா என்ற மென்பொருளில் நான்கு படங்களையும் ஏற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார்கள். வெள்ளைத்தாளில் மிளகுத்தூள் கொட்டினாற்போல ஆயிரக்கணக்கான புள்ளிகள். அத்தனையும் அசையாமல் நிற்கும். ஒன்று மட்டும் தாவும். ஒரு தாவல், இன்னொரு தாவல், மூன்றாவது தாவல், மறுபடி முதலிடம்.

தாவுவதெல்லாம் சிறுகோள் ஆகிவிடாது. நேர்கோட்டில் போக வேண்டும். வேகம் மாறக் கூடாது. நான்கு படத்திலும் ஏறக்குறைய ஒரே பிரகாசம், ஒரே உருண்டை வடிவம். விண்வெளியிலிருந்து வரும் துகள் கேமராவில் பட்டாலும் ஒரு புள்ளி விழும். அது ஒரே படத்தில் மட்டும் இருக்கும். பழுதான படப்புள்ளியும் நட்சத்திரம் மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி சதுரமாகத் தெரியும்.

மூன்றாம் நாள் இரவு. நான் ஷிஃப்டுக்குப் போகப் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இங்க வாங்க, இது நகருதும்மா!" என்று குரல். போய்ப் பார்த்தேன். நான்கு புள்ளி, நேர்கோடு, ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே தாவல் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. என் தொழில் புத்தி உடனே, இது பொய், விட்டுவிடு என்றது. சொல்லியும் விட்டேன். அவள் விடவில்லை. ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்து, ரஃப் நோட்டில் கழித்துக் கழித்து எழுதினாள். இரண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் மட்டும் தொலைநோக்கி சில நிமிடம் அதிகம் எடுத்துக்கொண்டிருந்தது. நேரம் எவ்வளவு நீண்டதோ, தாவலும் அதே விகிதத்தில்தான் நீண்டிருந்தது. "ஆன்ட்டி, அது ஒரே வேகத்துலதான் போகுது. கேமராதான் லேட்டு" என்றான் எதிர் புளோக் பையன். அன்றைக்கு நான் பேருந்தைத் தவறவிட்டேன். வருத்தமே இல்லை.

அந்தப் பையனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் ஆங்கிலம்தான். தமிழ் என்றால் தேர்வு, தேர்வு என்றால் பயம். முதல் நாள் எங்கள் மேசையில் அவன் வாயிலிருந்து ஒரு தமிழ் வாக்கியமும் வரவில்லை. ஆனால் மூன்று பேர் ஒரே திரையைப் பார்க்கும்போது, இதுவா அதுவா என்று அவசரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறதே. என் மகள் தமிழில்தான் கத்துவாள். இரண்டாம் வாரத்தில் அவர்களுக்கென்று ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. படங்களை மாற்றி மாற்றி ஓட்டுவதற்கு 'இமைக்க விடு'. பழுதான படப்புள்ளிக்குச் 'சூட்டுப்புள்ளி'. நான்கு படத்திலும் தெரிகிறதா என்பதற்கு 'நாலடி போட்டிருக்கா?' எந்தக் கலைச்சொல் அகராதியிலிருந்தும் எடுக்கவில்லை. வேலைக்கு வேண்டியிருந்தது, வந்தது. தமிழாசிரியர்களாகிய உங்களுக்கு நான் மொழியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பையன் 'சூட்டுப்புள்ளி' என்று சொன்னபோது அதை ஒப்பிக்கவில்லை. அவனுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. மதிப்பெண்ணுக்கு இல்லாமல் தேவைக்காக ஒரு பிள்ளை தமிழ்ச்சொல் தேடுவதை நான் வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தத் தேடல் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான். வேஃபர் என்ற 300 மில்லிமீட்டர் அகல சிலிக்கான் வட்டு ஒன்றில் ஒரே மாதிரியான சில்லுகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒளியால் துருவி, பக்கத்துச் சில்லின் படத்தோடு வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்போம். ஒன்றுபோல் இருப்பதெல்லாம் கழிந்து பூச்சியமாகிவிடும். மிச்சம் நிற்பதுதான் குறை. அந்த மிச்சத்திலும் பெரும்பகுதி வெறும் இரைச்சல். அதில் எது நிஜம் என்று பிரிப்பதற்குத்தான் எங்களைப் போன்றவர்களை வைத்திருக்கிறார்கள். வான் ஆய்வுத் தொலைநோக்கிகளிலும் அதே கழித்தல்தான். முன்பு எடுத்த வானத்தை இன்றைய வானத்திலிருந்து கழிக்கிறார்கள். மிச்சத்தில் சிறுகோள் இருக்கலாம், வெடித்த நட்சத்திரம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இத்தனை ஆண்டு முகமூடியும் வெள்ளை உடுப்புமாக நான் இரவு இரவாகப் பார்த்த வேலையும், மலை உச்சியில் விண்கல் தேடுகிறவர்கள் பார்க்கும் வேலையும் அடிப்படையில் ஒன்று என்று மகளின் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் தீவில் என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இது இரைச்சல், இது பொருள் என்று தமிழில் சொல்லித்தர அவர்களால் முடியும்.

இனி அந்தத் தேதிக்கு வருகிறேன்.

1861 ஏப்ரல் 17. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. வரிசையில் 67ஆவது. அதனால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர் வைத்தார்கள். புகைப்படத் தட்டில் சிறுகோள் பிடிக்கும் காலம் அப்போது வரவில்லை. அது 1891இல் ஜெர்மனியின் மாக்ஸ் வுல்ஃப் தொடங்கிவைத்தது. போக்சனின் காலத்தில் நட்சத்திர வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் கண் பதித்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி எது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். மறுநாள் அது இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் நடக்கும் அதே வேலை. 1885 வரைக்கும் சென்னையிலிருந்தே மொத்தம் ஐந்து சிறுகோள்களை அவர் கண்டுபிடித்தார்.

அதே வானாய்வகத்தில் அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பிரகாசம் மாறும் நட்சத்திரம் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று பொதுமக்களுக்கு விளக்க ஒரு நூல் எழுதி, இந்திய மொழிகள் பலவற்றில் வரச்செய்தார். அந்த வானாய்வகத்தின் தொலைநோக்கியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் பொறித்திருக்கும் மொழிகளில் தமிழும் ஒன்று.

போக்சனுக்குப் பிறகு இந்திய மண்ணிலிருந்து அடுத்த சிறுகோள் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்துதான். 1988 பிப்ரவரி 17, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். ஆர். ராஜமோகனும் அவர் குழுவினரும் அங்கிருந்த தொலைநோக்கியில் பிடித்தார்கள். தேடலுக்கு அவர்கள் வைத்த பெயர் கல்கி. கிடைத்த சிறுகோளுக்கு 4130 ராமானுஜன் என்று பெயர். கும்பகோணத்துப் பள்ளியில் படித்த நம் கணித மேதையின் பெயர்.

தமிழ்மொழி விழா நடக்கும் மாதம் ஏப்ரல். ஏப்ரல் 17 அந்த மாதத்தின் நடுவில் வருகிறது. "தமிழ் சம்பந்தமா ஏதாவது" என்று என் மகளிடம் சொன்னார்களே, இதைவிடச் சம்பந்தம் வேறு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நாளைத் தேடலின் தொடக்க நாளாக அறிவியுங்கள்.

சிங்கப்பூரில் வானம் எங்கே தெரிகிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு ஆய்வு, இங்கே வாழும் அத்தனை பேரும், கண் இருளுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள் என்றது. எங்கள் பன்னிரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் நின்றால் வெள்ளி தெரியும், வியாழன் தெரியும், நல்ல நாளில் ஓரையன் நட்சத்திரக் கூட்டம் தெரியும். வட கிழக்குப் பருவமழைக் காலத்தில் அதுவும் இல்லை. நான் பிறந்த ஊரில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்து வானத்தைப் பார்த்து வளர்ந்தவள். மகளுக்கு அந்த வானத்தைக் கொடுக்க முடியவில்லையே என்ற குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. இந்தத் தேடலில் அந்தக் குறை அடிபட்டுப் போகிறது. படம் எடுக்கிறது ஹவாய், பார்க்கிறது உட்லண்ட்ஸ். நம் பிள்ளைகளுக்கு இருட்டு தேவையில்லை, தொலைநோக்கி தேவையில்லை. ஒரு மடிக்கணினி, இணையம், கூட உட்கார இரண்டு பேர். வெள்ளிக்கிழமை இரவுகளில் ஜூரோங்கில் அறிவியல் நிலைய வானாய்வகம் திறந்திருக்கும்போது ஒருமுறை அழைத்துப் போய் உண்மையான தொலைநோக்கியில் பார்க்கவும் வைக்கலாம். அது கூடுதல் சந்தோஷம்.

இது வெறும் பொழுதுபோக்கா என்றால், இல்லை. பிள்ளைகள் பார்க்கும் புள்ளிகளில் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருப்பவை. நமக்கு ஆபத்து இல்லாதவை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தேடும் முறை ஒன்றுதான், அதன் அவசியமும் நிஜம்தான். 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யபின்ஸ்க் நகரத்துக்கு மேல் சுமார் 20 மீட்டர் அளவுள்ள விண்கல் வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியும் பார்க்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் காயம்பட்டார்கள், பெரும்பாலும் சன்னல் கண்ணாடி உடைந்து. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று சன்னலோரம் வந்து நின்றவர்கள் பலர். சத்தமும் அதிர்வும் பிறகுதான் வந்தன.

மாறாக, 2024 செப்டம்பர் 5. நமக்கும் பிலிப்பீன்ஸுக்கும் ஒரே கடிகார நேரம். இரவு ஒரு மணிக்குச் சற்று முன், லூசோன் தீவுக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுள்ள கல் பச்சை வெளிச்சத்தோடு எரிந்து போனது. அதை அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கேட்டலினா வான் ஆய்வு சில மணி நேரம் முன்பே கண்டுபிடித்து, எங்கே எப்போது என்று சொல்லிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மீட்டர் கல்லை, பூமியை எட்டும் முன்பே பார்த்துவிடுகிற காலத்தில் நாம் இருக்கிறோம். என்றாலும், 140 மீட்டருக்கு மேல் பெரிதாகவும் பூமிக்கு அருகே வரக்கூடியதாகவும் சுமார் 25,000 சிறுகோள்கள் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பாதிகூட இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு 3 விழுக்காட்டைத் தாண்டியபோது, அதன் பாதையில் தெற்காசியாவும் வந்தது. வாட்ஸ்அப்பில் உறவினர்களிடமிருந்து எனக்கு வந்த பதற்றச் செய்திகளுக்குக் கணக்கில்லை. சில நாளில் அந்த வாய்ப்பு ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. கல் பாதை மாறவில்லை. நாம் அளந்தது கூடியது, அவ்வளவுதான். முதல் சில இரவு அளவுகளை வைத்து வரையும் பாதை ஒரு பெரிய நெடுஞ்சாலை அகலத்துக்கு இருக்கும். ஒவ்வோர் இரவும் அளக்க அளக்க அது ஒற்றையடிப் பாதையாகச் சுருங்கும். அளக்காமல் விட்டால் கல்லே தொலைந்துபோகும். 1937இல் நிலவின் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் குறைவான தூரத்தில் கடந்துபோன ஹெர்மஸ் என்ற சிறுகோள் அப்படித்தான் தொலைந்து, 2003இல்தான் மறுபடி கிடைத்தது. இதை அந்த வாட்ஸ்அப் குழுவில் தமிழில் விளக்கி எழுதியவள் என் மகள். பெரியப்பா, சித்தி எல்லோரும் படித்துவிட்டு அடங்கினார்கள். அந்தத் திறமைக்கு விழாவில் ஒரு மேடை வேண்டாமா?

ஒரு காரியத்தில் நாம் தாமதிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் வந்துவிட்டது. 8.4 மீட்டர் கண்ணாடி, 320 கோடி படப்புள்ளி கேமரா. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டபோதே, சுமார் பத்து மணி நேரப் பார்வையில் 2,104 புதிய சிறுகோள்களைக் கண்டதாக அறிவித்தார்கள். மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்து வைத்திருப்பது 14 லட்சத்துக்கு மேல்; ரூபின் இன்னும் பல லட்சங்களைச் சில ஆண்டுகளில் சேர்த்துவிடும் என்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் படத்தைக் கண்ணால் பார்த்துப் புதிய சிறுகோள் பிடிக்கும் வாய்ப்பு என் கணிப்பில் இனி வருடத்துக்கு வருடம் குறையும். பத்து ஆண்டு கழித்து யோசிக்கலாம் என்றால், யோசிப்பதற்கு அன்று மிச்சம் இருக்காது.

எப்படி நடத்துவது என்பதில் உங்கள் அனுபவம் எனக்கு இல்லை. ஆனாலும் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். மூன்று நான்கு பேர் கொண்ட குழுக்களாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஒரு திரை போதாது. ஒரே பள்ளிப் பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லை, ஒரே வட்டாரமாக இருந்தால் போதும். நூலகத்திலோ சமூக மன்றத்திலோ வாரம் ஒருமுறை கூடிப் பார்க்கலாம். கூட்டமைப்பு கேட்கும் அறிக்கை ஆங்கிலக் குறியீட்டில் போகும், அது சில வரிதான். அதோடு ஒவ்வொரு குழுவும் தமிழில் ஒரு தேடல் குறிப்பேடு வைக்கட்டும்: எந்த நாள், எந்தப் படம், எதைச் சந்தேகித்தோம், ஏன் விட்டோம், ஏன் வைத்துக்கொண்டோம். விழா முடிவில் அந்தக் குறிப்பேடுகளைப் படித்துப் பாருங்கள். பரிசு கொடுப்பதானால் அதற்குக் கொடுங்கள். கண்டுபிடிப்புக்கு வேண்டாம், அது கிடைப்பது அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது. 'ஏன் விட்டோம்' என்று காரணத்தோடு நாலு வரி எழுதுவது எவ்வளவு கடினமான தமிழ் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். நானே இந்த மடலில் திணறுகிறேன்.

அந்தக் குறிப்பேடுகளிலிருந்து 'இமைக்க விடு' மாதிரிச் சொற்களைச் சேகரியுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சிறுகோள், வால்வெள்ளி, விண்கல், சுற்றுப்பாதை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. வேலை செய்யும்போது வாயில் வரும் சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான் இல்லை. அவற்றைக் குழு போட்டு உண்டாக்குவதைவிட, பிள்ளைகள் வாயிலிருந்து பிடிப்பது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் நம் ஊழியர் தம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் இருட்டான வானத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் புளோக்கில் வேலைக்கு வரும் ஒரு தம்பி, மகளின் திரையை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, எது தாவுகிறது என்று எங்களுக்கு முன்பே விரல் வைத்தார். ஒரு ஞாயிறு பிற்பகல் அவர்களுக்கென்று ஓர் அமர்வு வைத்தால் மடிக்கணினிகளை நாங்கள் கொண்டுவருகிறோம்.

தேர்வு நெருக்கடி என்பீர்கள். தெரியும், என் வீட்டிலும் தேர்வு உண்டு. வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு மாதம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அப்புறம், பெயர். ஒரு குழு கண்ட புள்ளி உண்மையிலேயே புதிது என்று உறுதியாகி, பல ஆண்டு அளந்து, சுற்றுப்பாதை ஐயமில்லாமல் தெரிந்தபிறகு அதற்கு ஓர் எண் கிடைக்கும். அதன்பின் கண்டவர்கள் ஒரு பெயரை முன்மொழியலாம். பதினாறு எழுத்துக்கு மிகாமல், உச்சரிக்க முடிந்ததாக, யாரையும் புண்படுத்தாததாக இருந்தால் போதும். அரசியல், போர் தொடர்பான பெயர்கள் என்றால் அவர்கள் மறைந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பொதுவாக இதற்கு ஆறு முதல் பத்து ஆண்டு ஆகிறது. உயர்நிலை இரண்டில் பார்த்த புள்ளிக்கு, அந்தப் பையன் தேசிய சேவை முடித்து வெளியே வரும் வயதில் பெயர் வைப்பான். எங்கள் குழு அனுப்பிய புள்ளி பின்னால் உறுதிப்படவில்லை. வேறோர் இரவின் படத்தில் அது அகப்படவில்லை. மூவரும் இரண்டு நாள் முகம் வாடியிருந்தார்கள். ஆனால் பெயர் மட்டும் தயாராக இருக்கிறது. என் மகளுக்குத் 'தேக்கா'. ஏழாவது மாடிப் பெண்ணுக்குத் தன் பாட்டியின் பெயர். எதிர் புளோக் பையன் முதலில் ஏதோ விளையாட்டு வீரர் பெயரைச் சொன்னான். போன வாரம் வந்து, "ஆன்ட்டி, நான் மாத்திட்டேன். இமை" என்றான்.

கடைசியாக ஒரு தேதி. அபோஃபிஸ் என்ற சிறுகோள், சுமார் 340 மீட்டர் அளவு, 2029இல் பூமியிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகப் போகிறது. நம் தொலைத்தொடர்புத் துணைக்கோள்கள் சில சுற்றும் உயரத்துக்கும் உள்ளே. மோதாது, அது உறுதி. 2004இல் கண்டுபிடித்தபோது இருந்த அச்சத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து அளந்துதான் இல்லையென்று ஆக்கினார்கள். உலகச் செய்திகளில் ஏப்ரல் 13 என்றுதான் படிப்பீர்கள். மிக அருகில் வரும் அந்த நேரம் சிங்கப்பூர்க் கடிகாரத்தில் ஏப்ரல் 14 விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன். சித்திரை முதல் நாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரம். என் மகள் அப்போது உயர்நிலைப்பள்ளியைத் தாண்டியிருப்பாள். அந்தக் காலையில் தமிழ்த் தொலைக்காட்சியிலோ வானொலியிலோ நாளிதழிலோ இதை நம் மொழியில் விளக்கிச் சொல்ல, தானே தேடிப் பழகிய இளைஞர்கள் நமக்கு வேண்டும். அவர்கள் இப்போது உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குழுக்களைப் பதிந்துகொள்ளச் சில மாதம் முன்பே எழுத வேண்டும் என்பதால் இந்த மடலை இப்போதே அனுப்புகிறேன். இரவு ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் சனிக்கிழமை மாலைகளில் நான் வர முடியும், எந்தச் சமூக மன்றமானாலும் சரி. எங்கள் வீட்டில் இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. மென்பொருள் இரண்டிலும் ஏற்றித் தயாராக இருக்கிறது. பயிற்சிக்கு வைத்திருக்கும் படங்களில் முதலாவதில் மூன்று சிறுகோள்கள் உண்டு; இரண்டு சுலபமாகத் தெரிந்துவிடும், மூன்றாவது நட்சத்திரம் ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தாய்
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்